உப்புப் பார்த்த நாக்கு

1964 ஜூலை 18, சனிக்கிழமை, காலை ஆறு இருபது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மணலை வாரி வேலிக் கிடுகில் அடித்துக்கொண்டிருந்தது. இலங்கையின் கற்பிட்டியில் எங்கள் தோட்டத்தில் இருபத்தாறு பாத்தி வெங்காயம். கிண்டுவதற்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அதற்குள் ஏதும் ஆனால் அந்த வருடம் வீட்டில் அரிசி இல்லை.

எங்கள் மண்ணில் எட்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர், அதற்கும் கீழே கடல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது; மெதுவாக அள்ளினால் மிதந்துகொண்டே இருக்கும், வேகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். வாப்பா இரண்டு பூவாளியால் இறைத்தவரைக்கும் கிணற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. கிணறு களைக்கும் முன்பே வாப்பாவின் தோள் களைத்துவிடும்.

அன்றைக்கு உம்மாவின் தம்பி, என் மாமா, சிலாபத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் ஒரு மண்ணெண்ணெய் மெசினை ஒரு நாள் இரவலாகக் கொண்டுவந்திருந்தார். நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்குக்கு முன் இருபத்தாறு பாத்தியும் நனைந்துவிட்டால், அதை வாங்க வாப்பா பாதிப் பங்கு போடுவதாகப் பேச்சு. வாப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், கரித்தால் நிறுத்த வேண்டும். வாப்பாவும் உம்மாவும் வெற்றிலை, மாமா பீடி. வீட்டில் உருப்படியாக இருந்த நாக்கு ஒன்பது வயதான என்னுடையது மட்டும்தான்.

முதல் இரண்டு தடவையும் தண்ணீர் நன்றாகவே இருந்தது. மூன்றாவது, ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு. வாப்பா மண்வெட்டியோடு தோட்டத்தின் மறு கோடியில் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்னடா, முகம் கோணுது?” என்றார் மாமா.

“கொஞ்சம் கரிக்கிற மாதிரி இரிக்கி மாமா.”

“வெறும் வயித்துல பாத்தா எல்லாம் கரிக்கும். இதத் தின்டுட்டுப் பாரு.”

மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். உப்பு மாங்காய். இரண்டு துண்டு தின்றுவிட்டுக் குடித்தேன். தண்ணீர் சீனி போட்டது போல் இருந்தது. “நல்லா இரிக்கி” என்று வாப்பாவுக்குக் கேட்கக் கத்தினேன். பதினொன்று முப்பத்தைந்து வரை இன்னும் பதினெட்டுத் தடவை அப்படியே கத்தினேன். பொட்டலமும் குறையாமல் வந்துகொண்டிருந்தது. பாங்குக்கு முன் எல்லாப் பாத்தியும் நனைந்தது. மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மெசினை ஒரு சுற்றுச் சுற்றினார்.

நாலாம் நாள் தாள் நுனி மஞ்சளித்தது. ஒன்பதாம் நாள், கடைசியாகத் தண்ணீர் குடித்த பதினொரு பாத்தி படுத்துவிட்டது.

அன்றைக்கு என்ன தின்றாய் என்று வாப்பா கேட்டார். எனக்குக் கணக்கு மறக்காது. மாமா தந்த உப்பு மாங்காய், பதின்மூன்று துண்டு என்றேன். பக்கத்தில் நின்ற மாமா பீடியை மணலில் குத்தி அணைத்தார். சண்டை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“அப்ப மெசின் வேணாமா மச்சான்?” என்று மாமாவே கேட்டார்.

“வேணும். பாதிப் பங்கு எனக்கு. ஆனா அது களைக்காது மச்சான். களைக்கிறதுக்கு நாமதான் ஒரு வழி வெக்கணும்.”

பிறகு அதே ஆழத்தில் இன்னும் இரண்டு கிணறு வெட்டினார்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி இறைத்துவிட்டு அடுத்ததற்கு மெசினை மாற்றினார்கள். கரையில் ஒதுங்கிய சாதாழை என்ற கடல்புல்லை ஒரு மழையில் கழுவவிட்டுப் பாத்திகளுக்கு மூடாக்குப் போட்டார்கள்; பாதித் தண்ணீரே போதுமானது. 2009இல் நாட்டில் யுத்தம் முடிந்த பிறகு இங்கே சொட்டுநீர்க் குழாயும் உப்பு அளக்கும் மீட்டரும் வந்துவிட்டன. என்னிடமும் இரண்டும் உண்டு. மீட்டர் காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் காட்டட்டும் என்று பார்க்கிறேன். கிணறு இன்றைக்கும் நல்ல தண்ணீர்தான்.

எனக்கு வாப்பா ஒரு வேலை வைத்தார். தண்ணீர் இறைக்கிற நாளெல்லாம் விடிந்ததும் எதையும் தின்னாமல், தேத்தண்ணீரும் குடிக்காமல், மூன்று கிணற்றையும் நான் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் சொல்லும்வரை மெசினைக் கிளப்பும் கயிற்றை யாரும் இழுக்கக் கூடாது. மாங்காய் தின்றதற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். மீசை வைத்த மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நிற்பார். தோட்டம் முழுவதையும் வாப்பா யார் வாயில் ஒப்படைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. குசினி அடுப்பங்கரையில் உம்மா ஊற்றி வைத்த கோப்பையிலேயே என் நினைப்பு இருந்தது. ஏழு வருடம், வருடத்துக்கு நூற்று நாற்பது நாள். மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது கோப்பைத் தேத்தண்ணீரை ஆறவைத்துத்தான் குடித்தேன்.