பொன்ராஜ் வாங்கி வந்த பெட்டி

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையின் ரோலர் அறையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர் பொன்ராஜ். வாடிய இலையை உருட்டிப் பிழிகிற ரோலர் நாலும் ஒன்றாக ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அந்த அறையில் யாரும் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியுமே வேலை நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதனுக்குக் காது மந்தமாகிப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? பொன்ராஜுக்கே கொஞ்ச நாள் தெரியவில்லை.

கோயிலில்தான் தெரிந்தது. தோட்டத்துக் கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. 1929 கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் எழுந்து கீர்த்தனை பாட, பொன்ராஜுக்கு வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த நாள் முதலாக அந்தக் கோயிலில் கனத்த குரல் என்றால் அவர் குரல்தான். அன்றைக்கு எந்த இடத்தில் சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் சும்மா வாயை அசைத்தார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. வெளியே சொல்லப் பயம். காது கேட்காதவனை ஓடுகிற மெஷின் பக்கத்தில் யார் விடுவார்கள்? களை வெட்ட அனுப்பிவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று, பாவம்.

அந்தக் கோயிலில் ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. வாலிபர் என்று பேர்தானே ஒழிய, கலியாணமாகி நாலு பிள்ளை பெற்றவர்களும் அதை விட்டு வெளியேறியதில்லை. பொன்ராஜும் முப்பத்து மூன்று வயது வாலிபர். சங்கத்தார் ஞாயிறு மாலைகளில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான மேல் லயத்து வாசலில் நின்று பாடுவார்கள். கீழ் லயத்துச் சனங்கள் தங்கள் வாசலிலிருந்தே சேர்ந்து பாடவேண்டும். ஆனால் நடுவில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் அது போடுகிற சத்தத்தில் மேலே நாலாவது அடி பாடும்போது கீழே இரண்டாவது அடியில் இருப்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் பழகியிருந்த பிச்சைமணி, ஒரு பெட்டி இருந்தால் எல்லாரையும் இழுத்துப் பிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பார்கள். இரண்டு வருஷத்து அரிசி இருபத்து நாலு ரூபாய் ஆனது. பெட்டி அந்தப் பணத்துக்குள் வரவேண்டும், ஒரே ஆள் தலையில் வைத்து மேடேறக்கூடியதாக இருக்கவேண்டும், ஓடையைத் தாண்டிக் கேட்கவேண்டும். சங்கத்தார் சொன்னது இவ்வளவுதான். ஒருவன் கிராமபோன் வாங்கலாம் என்றான். கொழுந்து பறிக்கிறவளும் சங்கத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவளுமான ஞானஜோதி, அது பாடினால் நாம் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டாள். அத்தோடு கிராமபோன் பேச்சு அடங்கிவிட்டது.

தை மாதம் மெஷின் பழுதுபார்க்கத் தொழிற்சாலையைப் பத்து நாள் நிறுத்துவார்கள். அப்போது லீவு கிடைக்கிறவர் பொன்ராஜ், பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரர், மதுரைக்குப் போய்ப் பெட்டி வாங்கிவர அவரே சரி என்று எல்லாருமாகத் தீர்மானித்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன முடிவாகிறது என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் பயணத்துக்காக ஜெபமே பண்ணி முடித்துவிட்டார்கள். அப்புறம் எப்படி மாட்டேன் என்பது? எத்தனை வீட்டு அரிசி!

போடிக்கு இறங்கி நடந்து, அங்கிருந்து ரயிலில் மதுரைக்குப் போனார். பழைய வாத்தியங்கள் விற்கும் கடையொன்றில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று விலையிலேயே தள்ளிப்போயிற்று. இன்னொன்று சின்னது, பளபளவென்று இருந்தது, கொழுந்துக் கூடைக் கனம்கூட இல்லை. மூன்றாவது, ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு நாக்கு வைத்த, சாயம் போன இரட்டை ரீடு பெட்டி. கடைக்காரர் குனிந்து வாசித்துக் காட்டினார். பொன்ராஜ் ரசிப்பதுபோல் நின்றார். பிறகு, ரோலரில் எங்கே கோளாறு என்று பார்க்கிற மாதிரி, பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். காது போன பிறகு மெஷினை அவர் அப்படித்தான் பார்த்து வந்தார்.

பளபளப்புப் பெட்டியில் ஈ ஊர்கிற அளவுக்குத்தான் அதிர்வு இருந்தது. துருத்தியின் ஓரத்தில் காற்றும் கசிந்தது. பழைய பெட்டியில் கசிவே இல்லை. கடைக்காரர் கனத்த சுரம் தருகிற அடிக்கட்டைகளை அழுத்தியபோது அதிர்வு முழங்கை வரை ஏறியது. அதோடு, எங்கேயோ தூரத்தில் ஒரு வண்டு சுற்றுகிற மாதிரி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு சுரம் பொன்ராஜின் காதில் விழுந்தது. பலகையை விட்டுக் கையை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்து இருபத்தாறு சொன்னார். பொன்ராஜ் இருபத்து மூன்றில் முடித்தார். திரும்பி வரும்போது, இது சங்கத்துக்காக வாங்கியதா, தனக்காக வாங்கியதா என்ற கேள்வி பெட்டியைவிடக் கனத்தது.

அந்த ஞாயிறு மேல் லயத்து வாசலில் பிச்சைமணி துருத்தியைப் போட்டான். பொன்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, தற்செயலாக வைப்பதுபோல் பலகையில் கையை வைத்தார். தாளம் உள்ளங்கையில் வந்தது. பாட்டு அவருக்கு மனப்பாடம்தான். வாயைத் திறந்து, குரலை விட்டு, நாலு சரணமும் பாடினார். நடுவில் பிச்சைமணி ஒரு கணம் ஞானஜோதியைப் பார்த்ததும், அவள் நிறுத்தாமல் வாசி என்று கண்ணைக் காட்டியதும் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் இருந்த சந்தோஷத்தில் அது மனசில் ஏறவில்லை.

நாலாவது ஞாயிறுதான் ஏறியது. பிச்சைமணியின் விரல் இரண்டு கட்டைகளைத் தொடுவதே இல்லை. முதல் நாள் பிடித்த இடத்தை விட்டு, ஒரு கட்டை மேலே தள்ளி எல்லாப் பாட்டையும் வாசித்துக்கொண்டிருந்தான். மெஷின்காரருக்கு இதற்கு மேல் என்ன சொல்லவேண்டும்? ஓடாத சக்கரத்தைத்தானே மனுஷன் ஒதுக்கி வைப்பான். பொன்ராஜ் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில், ஜெபத்துக்கு முன்பே எழுந்து நின்றார்.

"எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருசமாச்சு. கையால தொட்டுப் பாத்துத்தான் இந்தப் பெட்டிய வாங்குனேன். ரெண்டு கட்ட பேசுதது சரியில்ல, அப்படித்தான?"

பெட்டியைத் தலையில் வைத்துத் தானே மதுரைக்குக் கொண்டுபோய் மாற்றி வருவதாகவும், கூடுதல் பணம் கேட்டால் தன் சம்பளத்தில் கொடுப்பதாகவும் பொன்ராஜ் சொன்னார். ஞானஜோதி எழுந்து, அவருக்கு வாய் தெரியும்படி எதிரே வந்து நின்றாள். அப்படி வந்து நின்றதிலேயே அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"சரியில்லதாண்ணே. மொத நாளே தெரியும்" என்றாள் நிதானமாக. "ரெண்டு வருசமா நீங்க வாய மட்டும் அசச்சிக்கிட்டு நின்னீங்க. அதுவும் தெரியும். பக்கத்துல நின்னு பாடுதவளுக்குத் தெரியாதா? கட்ட கெட்டா எடத்த மாத்தி வாசிச்சிக்கிடலாம். நீங்க பாடாம நின்னா நாங்க எத மாத்த?"

பொன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரப் போனவரை அவள் விடவில்லை. அவர் பாட்டும் சுருதி சேர்வதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் அவர் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், அவரும் சிரித்தார். விஷயம் தொழிற்சாலைக்குப் போகாது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. போகவும் இல்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு முதலில் ஏறியவர் பொன்ராஜ். இந்த முறை ஒளிக்காமல் உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டு பாடினார். அவர் இழுக்கிற பக்கம் பாட்டுப் போய்விடாமலிருக்க, மற்றவர்கள் அவரைவிடச் சத்தமாகப் பாடவேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் ஓடையைத் தாண்டி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது என்று கீழ் லயத்தார் சொன்னார்கள்.