பொம்மைக்கு நான் அம்மப்பா

ஆஸ்பத்திரியில் இன்று எனக்கு நடிப்பு வேலை.

பிறந்த குழந்தையின் தொண்டையில் சுவாசக் குழாய் விடுவதற்கு இளம் டொக்டர்மார் பொம்மையில் பழகுகிறார்கள். பொம்மை நீலமாகிச் செத்தால், வெளியே வந்து அதன் அம்மப்பாவிடம் சொல்ல வேண்டும். அம்மப்பா நான்தான்.

ஓர் இளம் பெண் டொக்டர் வந்தாள்.

"ஐயா, பிள்ளையைக் காப்பாத்த ஏலாமப் போச்சு."

"குழாயை எங்கை விட்டனீங்கள்?"

"வயித்துக்கை போயிட்டுது..."

"அப்ப அது தானாச் சாகேல்லை. நீங்கள்தான் சாக்காட்டினது."

விம்மி விம்மி அழுதாள். அவர்களைப் பழக்கும் பெரிய டொக்டர் என் முதுகில் தட்டினார். அவளிடம், "கண்ணைத் துடைச்சுப்போட்டுக் குழாயைத் திரும்ப விடும். இந்தமுறையும் பிழை விட்டீரெண்டா பிள்ளையளின்ரை வாட்டுப் பக்கம் வரேலாது" என்றார்.

உள்ளே போனவள் பிறகு என்னிடம் வரவேயில்லை. பொம்மை தப்பிவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நாளை ஓர் ஆண் டொக்டராம். அவரை அழவைக்க என்ன சொல்லலாம்? இதை வாசிக்கும் நீங்கள் எனக்கு எழுதுங்கள். முன்பு எழுத்தே தெரியாத எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும்.