நீர்க்கடுப்புக்கு எழுதிய துண்டு

மூத்திரத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவன் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு வாரம் தாங்கமாட்டான். கண்டியிலிருந்து நுவரெலியா வரை பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்தவர்களே, இது உங்களுக்கும் சொந்தக் கதை. ஐம்பதுகளில் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே போத்தல்

லெச்சுமி கொழுந்து எடுப்பவள். ஐந்து மாதக் கர்ப்பிணி. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, சாயங்காலமானால் குளிர் காய்ச்சல். கழுவின போத்தலில் காலை மூத்திரம் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் போத்தல் நிறைய வந்தது. குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். திரிந்த பால் மாதிரி கலங்கியது. இரண்டு சொட்டு அமிலம் விட்டும் தெளியவில்லை. நோய் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதோ என்று பயந்தேன்.

"இவ்வளவும் உன்னுடையதா?" என்று கேட்டேன்.

"பாதி என்னோடதுங்க. மீதி பாக்கியக்காவும் செல்லம்மாவும் ஊத்துனாங்க. மூணு பேருக்கும் ஒரே எரிச்சல்தானுங்களே, எதுக்குத் தனித்தனியா?"

குடிக்காத தண்ணீர்

மூன்று பேரையும் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் கலங்கின, லெச்சுமியுடையது எல்லாவற்றிலும் மோசம். மூவரும் ஒரே மலையில், ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்பவர்கள். சல்ஃபா மாத்திரை கொடுத்தேன். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் அந்த மாத்திரையே சிறுநீரகத்தில் மணலாகப் படியும் என்று எச்சரித்தேன்.

மூன்றாம் நாள் லெச்சுமி நடுங்கிக்கொண்டு வந்தாள். மாத்திரை தீர்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை.

"குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க. தேயிலை நெரைய விட்டு எறங்குனா கங்காணி அரைப்பேர் போட்டு, பாதி நாள் வேலைய இல்லாமப் பண்ணிருவாரு. நீங்க தண்ணி இல்லாத மருந்தா குடுங்க ஐயா."

கங்காணியின் யோசனை

அப்படி ஒரு மருந்து என் அலமாரியில் இல்லை. ஆகவே துண்டு எழுதினேன்: 'லெச்சுமிக்கு மருந்து: ஒரு குடம் தண்ணீர். வேலை நேரத்தில் மூன்று தடவை நிரையை விட்டு இறங்கவேண்டும்.' கையெழுத்தும் போட்டேன். கங்காணி சுப்பையா அதைப் படித்துவிட்டு நேரே டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"மாத்திரை எழுதுங்க, மிக்சர் எழுதுங்க. எம் மலையில வந்து மூத்திரம் எழுதாதீங்க."

பத்து மணி

அடுத்த நாள் பத்து மணிக்குப் பாக்கியம் ஒரு குரல் கொடுத்தாள். முப்பது பெண்கள் கூடைகளை நிரையிலேயே இறக்கிவைத்துவிட்டு, லெச்சுமியை நடுவில் விட்டு ஓடைப் பக்கம் இறங்கினார்கள். பின்னாலேயே ஓடிய கங்காணி, எங்கே போகிறார்கள் என்பது உறைத்ததும் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் வந்தது. மலை நிறையக் கூடைகள், ஆளில்லை. கங்காணி பாறையோடு நிற்கிறார்.

திரும்பி வந்த பாக்கியம், "மருந்து சாப்பிடப் போனோமுங்க தொரை" என்று லெச்சுமியின் துண்டை நீட்டினாள். இதில் ஒருத்தி பேர்தானே இருக்கிறது என்று தொரை கத்தினார்.

"பேருதானுங்க ஒண்ணு. நோவு எல்லாருக்கும்."

தொரையின் கேள்வி

அன்று மத்தியானம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "நீ மருந்துக்காரனா, யூனியன்காரனா?" என்றார் தொரை. உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "லெச்சுமி செத்தால் காரணம் எழுதவேண்டியவன் நான். கொழுந்து என்று எழுதட்டுமா, கங்காணி என்று எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்க" என்றேன். தொரை கங்காணியைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த வாரமே மலையில் ஒரு குழி வெட்டி, நாலு பக்கமும் தகரம் அடித்தார்கள். லெச்சுமி குடம் குடமாகக் குடித்தாள். பதினைந்தாம் நாள் அவள் கொண்டுவந்ததைக் காய்ச்சினேன். ஓடைத் தண்ணீர் மாதிரி தெளிவாக நின்றது. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத அப்படியே கங்காணிகிட்டக் காட்டிட்டு வரட்டுங்களா ஐயா?"

நான் எழுதிய மருந்துகளிலேயே, குடித்தவளுக்குக் கசக்காமல் கங்காணிக்குக் கசந்தது அந்த ஒரு குடம் தண்ணீர்தான்.