கியரில் பூசிய புற்றுமண்

ஈரமான புற்றுமண்ணும் சைக்கிள் சங்கிலி எண்ணெயும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும். பாதி கோயில், பாதி ஒர்க்‌ஷாப். எனக்குப் பதினான்கு வயதில் அந்த வாசத்தோடுதான் எங்கள் வீட்டுக்கு ஒரு கியர் சைக்கிள் வந்தது, அதே வாசத்தோடுதான் வீட்டை விட்டும் போனது. போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர், மகளுக்கு ரோடு பைக் என்கிற பந்தய சைக்கிள் வாங்கப் போவதாகவும், விலை குறைந்த கம்பெனிகளில் வாங்கினால் காசுக்குத் தகுந்த பொருளாக இருக்குமா, சர்வீஸ் எல்லாம் எப்படி என்றும் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பதில் சொன்ன வேகத்தில் மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரிடம் கோபமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சங்கரன்கோவிலில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் பி.டி. டீச்சர் நான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வரும் வேகத்தைப் பார்த்துவிட்டு, மாணவிகளுக்கான ரோடு சைக்கிள் பந்தயத்துக்கு மாவட்ட அளவில் ஆள் எடுக்கிறார்கள், புரட்டாசி கடைசியில் திருநெல்வேலியில் தேர்வு, போகிறாயா என்று கேட்டார். "ஒனக்குக் காலு இருக்கு. வண்டிதான் இல்ல" என்றார். அதுவரை என்னிடம் இருப்பதாக யாரும் எதையும் சொன்னதில்லை. விசைத்தறியில் வேலை பார்த்த அப்பாவிடம் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லியே அவரைக் கரைத்தேன். பெரிய கம்பெனி வண்டிகளெல்லாம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. தேடித் தேடி அப்பா தன் போனில் ஒரு புதுக் கம்பெனியைக் கண்டுபிடித்தார். சிவப்பு வண்டி, கீழே வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர். விலை குறைவு, தரம் அதிகம், இரண்டு வருட வாரண்டி, வீட்டு வாசலிலேயே சர்வீஸ் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியை அப்பா சத்தம் போட்டு வாசித்துக் காட்டினார். தபால்காரரே தெருமுனையில் நின்று கூப்பிட்டுத்தான் எங்கள் கடிதங்களைக் கொடுப்பார். கம்பெனிக்காரன் எங்கள் வாசலுக்கு வரப்போகிறான் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம்.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறுவாரம் வண்டி வந்தது. தெருப் பையன்கள் அந்தக் கைப்பிடியைப் பார்த்து உடனே "கெடாக்கொம்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து புற்றுமண் டப்பாவை எடுத்து வந்தாள். எங்கள் கோயில் புற்றுமண்ணைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காய்ச்சலுக்கு அதுதான், தேமலுக்கு அதுதான், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் நெற்றிக்கும் அதுதான். அம்மா அதைத் தண்ணீரில் குழைத்து கைப்பிடியிலும் சீட்டிலும் பூசினாள். பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தவள் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். அங்கே பல்லுச் சக்கரங்களுக்குப் பக்கத்தில், பின் கியர் முழுவதும் ஒரு சின்ன அலுமினியத் துண்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இந்த எடந்தான் நோஞ்சானா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்று விரலால் வழித்து அந்த இடத்தில் மட்டும் அப்பிவிட்டாள்.

நானும் அப்பாவும் சிரித்தோம். அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் அவள் புதிதாகப் பூசுவதும், கைப்பிடியில் இருப்பதை நான் தெருமுனை தாண்டியதும் பாவாடை நுனியால் துடைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. பின்பக்கம் பூசியது என் கண்ணுக்குத் தெரியாததால் அது அப்படியே இருந்தது.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை மாதம் நான் இருந்த சந்தோஷத்துக்கு இன்றுவரை ஈடு இல்லை. திருவேங்கடம் ரோட்டில் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மேற்கேயிருந்து ஆளைத் தள்ளும் காற்று, அதற்குள் குனிந்து படுத்துக்கொண்டு மிதித்தால் உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும். ஒருநாள் டவுன் பஸ்ஸை முந்தினேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கைகாட்டினார். டீச்சர் நேரம் குறித்துப் பார்த்துவிட்டு, இப்படியே ஓட்டினால் முதல் மூன்று பேருக்குள் நிச்சயம் என்று அப்பாவிடமே சொன்னார்.

தேர்வுக்கு நான்கு வாரம் இருக்கும்போது, அதே ரோட்டில் கியர் மாற்றிய நொடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த அலுமினியத் துண்டு இரண்டாக ஒடிந்து, கியர் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி வண்டி நின்றுவிட்டது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு நடந்தேன். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி அதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குப் பேரு காது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. நம்மகிட்ட இந்தச் சாமான் வராது, கம்பெனிலதான் கேக்கணும் வே" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா கேட்டார். தறிச் சத்தத்தில் போன் பேச முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வருவார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பார்கள், பிறகு பாட்டுப் போடுவார்கள், அப்பா வெயிலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒருநாள், வாசலுக்கு வந்து செய்யும் சர்வீஸ் எங்கள் ஊருக்குக் கிடையாது, மதுரையில் இருக்கும் சென்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். சட்டையெல்லாம் சங்கிலிக் கறையோடு அப்பா அதை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். கியர் பகுதியில் மண் படிந்திருக்கிறது, வெளிப்பொருள் சேர்ந்ததால் வாரண்டி பொருந்தாது, அந்தத் துண்டு தனியாகக் கிடைக்காது, முழு கியராக வாங்க வேண்டும், அதுவும் இப்போது கையிருப்பில் இல்லை என்று வரிசையாகச் சொன்னாள். சாட்சிக்கு ஒரு படமும் வந்தது. ஒடிந்த துண்டைப் பெரிதாக்கி எடுத்திருந்தார்கள். அதில் காய்ந்த புற்றுமண்ணின்மேல் அம்மாவின் மூன்று விரல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

நான் அந்தப் படத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீ பூசுன மண்ணுதாம்மா. நீதான் ஒடச்ச."

அம்மா போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். அப்பாவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரும் அந்த மரியாதையான குரலை நம்பித்தான் நின்றார். தேர்வு நாளன்று நான் பாயைச் சுருட்டாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அதற்கடுத்து அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சிவப்பு வண்டி மதுரையிலிருந்து ஒடிந்தபடியே திரும்பி வந்து, மாடிப்படிக்குக் கீழே கிடந்து, ஒருநாள் பழைய இரும்புக்குப் போனது.

கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்தபிறகு, தோழி ஒருத்தியின் சைக்கிளைச் சரிபார்க்க ஒரு கடைக்குப் போனேன். சுவரில் அதே சிவப்பு வண்டி தொங்கியது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட மெக்கானிக், "உங்களதும் இதே வண்டிங்களா? காதுதானே போச்சு?" என்று கேட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே மாதிரி, ஒரே இடத்தில் ஒடிந்த துண்டுகள் கிடந்தன. வாங்கினவர்களுக்கெல்லாம் அதே இடம்தான் ஒடிந்ததாம். கம்பெனிக்கும் தெரியுமாம், அடுத்து வந்த வண்டியில் சத்தமில்லாமல் தடிமனைக் கூட்டிவிட்டார்களாம். மண் பட்டால் ஒடியுமா என்று கேட்டேன்.

"மண்ணு பட்டா சங்கிலி தேயுமுங்க. இது எப்படிங்க ஒடியும்? இது செஞ்சதே அப்படி."

கடையை விட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அது மண்ணால் ஒடியவில்லை, நீ முதல் நாளே அந்த இடம் நோஞ்சான் என்று சொன்னாய், வாங்கின எங்களுக்குத் தெரியவில்லை, விற்றவன் தெரிந்தும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று சொன்னேன். மன்னித்துவிடு என்று வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. "சரி விடு, சாப்ட்டியா" என்றாள். தன்னைத் தேற்ற நான் சொல்லும் சமாதானம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அப்பா மனப்பாடமாக வைத்திருந்த அந்த இலவச எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் படம் வந்த நாளுக்குப் பிறகு, எந்தப் பரீட்சைக்கும் எந்தக் காய்ச்சலுக்கும் அம்மா என் நெற்றியில் மண் வைக்கவே இல்லை என்பதை நான் வெகுகாலம் கவனிக்கக்கூட இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அங்கேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அம்மா எலுமிச்சம்பழம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நானே உள்ளே போய்ப் புற்றுமண் டப்பாவைத் தேடி எடுத்து, மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்து, நீயே பூசு என்று நீட்டினேன். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா. வாரண்டி போயிரும்."