பெயிண்டுக்கு மேல் எர்த்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயும் மணலோரம், என் பழைய எஸ்யூவி கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன வாரம்தான் சர்வீஸ் கடையில் புது பேட்டரியும் புது செல்ஃப் மோட்டாரும் மாட்டினார்கள். போன் செய்தால், “ஆல்டர்னேட்டரையும் மாத்திடலாம் சார், வண்டிய அனுப்புங்க” என்கிறான் அந்த மேனேஜர், கூச்சமே இல்லாமல். கத்திவிட்டு வைக்கிறேன்.

பக்கத்தில் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த ஏழுமலை எழுந்து வருகிறார். பானெட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கேபிளை நேராக எஞ்சின்மேல் வைத்து அழுத்துகிறார்.

“இப்போ ஸ்டார்ட் பண்ணு சார்.”

வண்டி உறுமுகிறது.

“இன்னா சார் இது? பெயிண்ட் மேலயே எர்த்து ஒயர முடுக்கிகீறான். கரண்டு எப்டி போவும்? உப்புக்காத்துல துரு புடிக்கும்னு படகுல நாங்க தெனம் சொரண்டி வெக்கிற எடம் இது. இங்க போயி எவன் சார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?”

எர்த் ஒயரைக் கழற்றி, அதன் அடியிலிருந்த கறுப்புப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டத் தொடங்குகிறார். மேனேஜரை இன்னொரு முறை திட்ட எடுத்த போனைச் சட்டைப்பையில் போடுகிறேன். போன வாரம் சர்வீஸ் கடையில், பானெட்டுக்குள் புது வண்டி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான்.