விளக்கில்லாத வீட்டின் நிலா

பரங்கிப்பேட்டை ஜெயராணி ஒரு படத்தைப் பார்த்தால், வரைந்தவன் அன்றைக்கு என்ன குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான் என்பதுவரை சொல்லிவிடுவாள். சரி, குழம்புவரை போனது கொஞ்சம் ஜாஸ்தி. மற்றதைச் சொல்வாள்.

2007-ல் சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஓவியக் கண்காட்சி. அவள் புருஷன் சின்னையன், கடலுக்குப் போகாத நாட்களில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன். மிஞ்சிய பெயிண்டில் பலகைமேல் அவன் வரைந்த படமும் அங்கே இருந்தது: முழு நிலா, நீலம் பாய்ந்த மணல், கரையேற்றிய படகு, விளக்கில்லாத வீடு, பாதி திறந்த கதவு.

கண்காட்சி நடத்திய ராஜகணேஷ் கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். நல்ல மனுஷர். சுனாமி அடித்த கரையை மறக்காதவர். படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

“நிலா வெளிச்சம் வெள்ளைப் புடவை மாதிரி விழுது. ஆளில்லாத படகு, அணைஞ்ச விளக்கு. போனவன் வருவான்னு கதவு மட்டும் திறந்திருக்கு.”

படத்தின் கீழே ஒட்டுவதற்கு ஓர் அட்டையில் எழுதினார்: ‘விதவையின் வீடு’.

ஜெயராணி அட்டையைப் படித்தாள். அது அவள் வீடு. சுனாமியில் தாலி இறங்கிய வீடுகளில் எல்லாம் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தவள் அவள். பிழைத்து வந்த புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே ஊர் பார்க்க இந்த அட்டையா? சின்னையனோ, பெரியவர் பேச்சில் குறுக்கே போகக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“சார், நீங்க படிச்சவங்க. ஆனா முழு நிலாவுல வலை மீனுக்குத் தெரிஞ்சிடும். ரெண்டு மூணு நாளைக்கு ஆம்பளைங்க கடலுக்குப் போவமாட்டாங்க. படகுல ஆளில்லன்னா ஆளு வீட்ல இருக்காருன்னு அர்த்தம். இவரு கடலுக்குப் போனாதான் நான் விளக்க வெச்சிக்கினு முழிச்சிருப்பேன். எங்க வூட்டுக்கு இருட்டுதான் சார் சந்தோஷம்.”

ராஜகணேஷ் படத்தை மறுபடி பார்த்தார். சற்றுமுன் உறைய வைத்த அதே நீலம் இப்போது இதமாகக் குளிர்ந்தது.

“இருபது வருஷமா படம் பாக்கறேம்மா. இப்படிப் பாக்கத் தெரியலை எனக்கு,” என்று பேனாவை நீட்டினார்.

அட்டையைத் திருப்பி, குண்டு குண்டாக எழுதினாள்: ‘ஆள் வீட்டில் இருக்கிறார்’.

“அப்ப அந்தக் கதவு?”

“அது காத்துக்கு சார்.”

சின்னையன் அப்போதுதான் தொண்டையைச் செருமினான்.

“காத்துக்கு இல்ல சார். இவ கொறட்ட தாங்காம நான் வெளிய வந்து உக்காந்தேன். அங்கருந்துதான் இதெல்லாம் பாத்தது. வந்த வேகத்துல கதவச் சாத்தல.”