அட்டையின் கீழ்ப்பாதி

அகராதி ஆபீசில் அவளுக்கு ‘அட்டைக்காரம்மா’ என்று பெயர். பதினோரு வருஷமாக இரண்டே ஆங்கிலச் சொற்களோடு குடித்தனம் நடத்தினாள்: ரன், செட். எதற்கு அர்த்தம் அதிகம் என்று ஒப்பிட்டுத் தொகுக்கும் வேலை. அதைக் கொடுத்த அகராதி ஆசிரியர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர். “முன்னுரையில முதல் பேர் உன்னோடதுதான்” என்று மாமா சொன்னதை நம்பி, வந்த வேறு வேலைகளையெல்லாம் வேண்டாம் என்றாள்.

அர்த்தத்துக்கு ஓர் அட்டை. மேல்பாதியில் அர்த்தம், கீழ்ப்பாதியில் உதாரண வாக்கியம். வாக்கியங்களுக்கு அவள் வெளியே அலையவில்லை, வீட்டிலிருந்தே எடுத்தாள். மூடாத குழாய், அக்கா நடத்தும் தையல் கடை, முதல் சலவையிலேயே சாயம் போன சேலை எல்லாம் ரன்னுக்கு. முறிந்த கையைச் சேர்த்துக் கட்டியதும் அலாரம் வைத்ததும் செட்டுக்கு. ரன் கால் தரிக்காத பிள்ளை, செட் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத மாமியார் என்று சிரிப்பாள். கடைசியில் பிள்ளைதான் முப்பது அட்டை முந்தியது.

புத்தகம் வந்தது. முன்னுரையில் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை அவள் பேர். அந்த இரண்டு சொற்களையும் தான் ஒருவனே தொகுத்ததாக மாமா எழுதியிருந்தார். செட் வரும் பக்கத்தைப் புரட்டினாள். ‘அப்பா போன பிறகும் அம்மா அவருக்கும் சேர்த்தே தட்டு வைத்தாள்.’ அவள் எழுதியது, ஒரு எழுத்து மாறவில்லை.

நேரே அக்காவின் கடைக்குப் போனாள். அக்கா மிஷினை நிறுத்தாமலே, அச்சுக்குப் போகும் முன் முன்னுரையைத் தானும் படித்துப் பார்த்ததாகச் சொன்னாள்.

“குடும்பத்துக்குள்ள யார் பேர் இருந்தா என்னடி? வெளியாளா கொண்டு போயிட்டான்?”

மாமா செய்ததைக்கூட விழுங்கிவிடலாம் போலிருந்தது. அப்பாவின் அந்தத் தட்டைத் தினமும் கழுவி வைத்தவள் அக்கா.

மறுவாரம் மாமா ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து, அடுத்த பதிப்புக்கு மிச்சமுள்ள இருநூறு அட்டைகளைக் கேட்டார். தருகிறேன் என்றாள். சாயங்காலம் அக்காவிடம் போய்த் துணிக் கத்தரிக்கோலைக் கேட்டாள். காகிதம் பட்டால் கூர் மழுங்கும் என்று அக்கா யாரையும் தொடவிடாத கத்தரிக்கோல். மனசு உறுத்தியதோ என்னவோ, எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மாமாவின் மேஜையில் அட்டைக் கட்டை வைத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார்.

“என்னம்மா, எல்லாம் பாதி பாதியா இருக்கு?”

“அர்த்தம் ஆபீசோடது மாமா, வச்சுக்குங்க. கீழ இருந்தது எங்க வீடு.”

கீழ்ப்பாதிகள் அவள் சாப்பாட்டுப் பையில் இருந்தன. போகிற வழியில் கத்தரிக்கோலை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். அக்கா ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பார்த்தாள். வெட்டவில்லை, துணி மடங்கிக்கொண்டது.